பழைய ட்ரம் செட் ஒன்றும் ஊர்க் கதையும்



ஊருக்குள் ஒரு கதை ஓடுதாம். "சேர் ட்ரம் செட் ஒண்டு வாங்கப் போறாராம்" என்று. செவ்வாய்க்கிழமை மீன் சந்தையில் ஒருவர் கேட்டார். புதன்கிழமை ஸ்டாஃப் றூமில் கேட்டார்கள். வியாழன் இரவு என் மாமி கோல் எடுத்து, "மருமகன், உங்களுக்கு ஏதும் பிரச்சினையா?" என்று கவலையோடு விசாரித்தா. இதற்கு மேல் கதை வளர முதல் நானே எழுதிவிடுகிறேன். பதிவு நீளம். நேரம் இல்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும், அங்கே உங்களிடம் ஓர் உதவி கேட்டிருக்கிறேன்.

விற்கிறவரின் பெயரைப் போடமாட்டேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். இங்கே மாமா என்று எழுதுகிறேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கண்ணில் வெள்ளை படர்ந்து, இப்போது எதிரில் வருகிறவரைக் குரலால்தான் அடையாளம் காண்கிறார். ஒப்பரேசனுக்குக் காசு வேண்டும். அதற்காகத்தான் விற்கிறார். கொழும்பில் ஒருவர் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு 90,000 தருவதாகப் போனில் சொல்லியிருக்கிறார். மாமா என்னிடம் கேட்டது 75,000. "ஏன் மாமா குறைச்சிக் கேக்கிறீங்க?" என்றேன். "ஊருக்குள்ள இரிக்கட்டும் மகன்" என்றார்.

இந்த ஒரு வார்த்தையில் என் பேரம் பேசும் தைரியம் எல்லாம் போய்விட்டது. ஆனால் பொருளைப் பார்க்காமல் வாங்கும் ஆளும் நான் இல்லை.

முதலில் இது என்ன பொருள் என்று சொல்கிறேன். 1964 பெப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய பிறகு அங்கே பையன்கள் எல்லோருக்கும் ட்ரம் செட் வேண்டும் என்றாகிவிட்டது. ரிங்கோ ஸ்டார் வைத்திருந்த லுட்விக் மாதிரியானதை வாங்க எல்லாராலும் ஏலாது. அந்த இடத்தை ஜப்பான் தொழிற்சாலைகள் பிடித்தன. பார்வைக்கு அதே மாதிரி, விலை குறைவு. ஒரே தொழிற்சாலையில் செய்த சாமானுக்கு, இறக்குமதி செய்கிற கடைக்காரர் கேட்ட பெயரையெல்லாம் பேட்ஜில் அடித்துக் கொடுத்தார்கள். அதனால் இந்த மாதிரிச் செட்டுகளுக்கு நூறு பெயர் இருக்கும், உள்ளே ஒரே மரம்தான். லுவான் என்று சொல்கிற, பிலிப்பைன் மஹோகனி என்ற பெயரில் விற்கப்பட்ட மென்மையான மரத்தின் பிளைவுட். மேலே மினுக்குப் பிளாஸ்டிக் ஒட்டியிருப்பார்கள்.

மாமாவின் செட் அந்த வகைதான். பேட்ஜில் பெயர் அழிந்துவிட்டது. சிவப்பு மினுக்கு. பேஸ் ட்ரம் 20 அங்குலம், மேலே ஒரு டொம் 12 அங்குலம், புளோர் டொம் 14, தகரத்தில் ஒரு ஸ்னேர், இரண்டு சிம்பல். தொடக்கநிலைச் செட். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். இணையத்தில் பழைய சாமானுக்குப் பக்கத்தில் 'விண்டேஜ்' என்று போட்டதும் விலை ஏறிவிடுகிறது. பழைய லுட்விக், கிரெட்ச், ஸ்லிங்கர்லண்ட் என்றால் அந்த விலைக்கு ஒரு காரணம் இருக்கிறது. மலிவாகச் செய்த பொருள் ஐம்பது வருசம் கிடந்ததால் மட்டும் உயர்ந்த பொருளாகிவிடாது. இதை வாங்கி வைத்துப் பிறகு இலாபத்துக்கு விற்கலாம் என்று யாராவது நினைத்தால் வேண்டாம். என் காதிலும் இரண்டு பேர் அப்படி ஓதினார்கள்.

ஆனால் மலிவு என்பதற்காகக் கூடாத சாமான் என்றும் இல்லை. இந்த மென்மையான மரத்தில் ஒரு தணிந்த, உருண்டையான சத்தம் வரும். இன்றைய புதுச் செட்டுகளில் அந்தச் சத்தத்தை வரவழைக்கத் தோலில் டேப் ஒட்டுகிறார்கள்.

மாமாவின் வீட்டு விறாந்தையில் ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து கழற்றிப் பார்த்தேன். பழைய ட்ரம் வாங்க நினைக்கிற பொடியன்மாருக்காக இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். ட்ரம்மின் உயிர் மரத்தின் விளிம்பில் இருக்கிறது. தோல் உட்காரும் அந்த ஓரம் சமமாக இல்லாவிட்டால் எப்படி இறுக்கினாலும் சுதி நிற்காது. தோலைக் கழற்றிவிட்டு, வெறும் மரக் கூட்டை மட்டமான தரையில் கவிழ்த்து வைத்து, உள்ளே போன் டோர்ச்சைப் போட்டு, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். விளிம்புக்கும் தரைக்கும் இடையில் வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம். மாமாவின் டைல் தரையில் வைத்துப் பார்த்தேன். டொம் இரண்டும் நல்லம். மயிரிழை வெளிச்சம்தான். உள்ளே விளிம்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் மர வளையங்களும் இறுக்கமாகவே இருந்தன.

அடுத்தது வட்டம். பழைய கூடு கிடந்த கிடையில் முட்டை வடிவமாகிவிடும். மெஷர் டேப்பால் நான்கு பக்கமும் குறுக்கே அளந்தால் தெரியும். அடுத்தது இறுக்குகிற ஆணிகள். பெயர் தெரியாத செட்டில் ஓர் ஆணி தொலைந்தால் அதே புரியில் இன்னொன்று எடுப்பது கஷ்டம். புதுத் தோலைக் கையில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பதும் அவசியம். சில பழைய கூடுகளில் இன்றைய தோல் கூட்டைப் பிடித்துக்கொண்டு இறங்காது. நான் ஒரு பழைய மாணவனிடம் 12 அங்குலத் தோலொன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். கொஞ்சம் முனகிக்கொண்டு இறங்கியது.

பிரச்சினை பேஸ் ட்ரம்மில். அதன் ஒரு பக்கத்தில் விளிம்பிலிருந்து ஒரு சாண் அளவுக்குப் பிளைவுட் அடுக்கு அடுக்காகப் பிரிந்து ஊதிப்போய் இருந்தது. விரலால் தடவினேன். மாமா கண் தெரியாவிட்டாலும் என் விரல் எங்கே நிற்கிறது என்று விளங்கிக்கொண்டார்.

"அது சுனாமித் தண்ணி" என்றார்.

2004 டிசம்பர் 26 அவர்களின் வீடு கடற்கரை வீதியில் இருந்தது. அந்த வீட்டில் யார் யார் போனார்கள் என்று ஊருக்குத் தெரியும். டொம் இரண்டும் ஸ்னேரும் பறணில் சாக்குக்குள் கட்டி இருந்ததால் தப்பின. பேஸ் ட்ரம் மிதந்து போய் இரண்டு ஒழுங்கை தாண்டி ஒரு வேலியில் செருகி நின்றிருக்கிறது. பதினொரு நாள் கழித்து ஒரு பொடியன் உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தானாம். "அப்ப எனக்கு அத வெச்சி என்ன செய்யிறண்டே விளங்கல்ல. ஆனா எறியவும் மனம் வரல்ல" என்றார். முன்பக்கத் தோலில் குழுவின் பெயர் எழுதியிருந்ததாம். அது கிழிந்து போய்விட்டது.

அந்தக் குழுவைப் பற்றி எனக்குச் சின்ன வயதில் காதில் விழுந்ததுதான். இந்தச் சனிக்கிழமைதான் முழுதாகக் கேட்டேன். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்ட காலம். நம் ஊர் ஆட்கள் சவூதி, குவைத் என்று போய்வரத் தொடங்கி, வீடுகளில் கசட் றெக்கோடர் வந்த காலம். 1979இல் மட்டக்களப்பில் ஒரு பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது இந்தச் செட்டை விற்றிருக்கிறது. மாமாவும் இரண்டு கூட்டாளிமாரும் காசு சேர்த்து வாங்கி லொறியில் ஏற்றி வந்திருக்கிறார்கள். ஓட்டமாவடிப் பொடியன் ஒருவர் பொங்கோ. நம் ஊரில் இரண்டு பேர் பாட்டு. கிட்டார் அடித்தவர் பக்கத்துத் தமிழ் ஊர். கல்யாண வீடு, கத்னா வீடு, பெருநாள் இரவு. நாகூர் ஹனிபாவின் பாட்டு முதலில், பிறகு ஹிந்திப் பாட்டு, கடைசியில் சிலோன் மனோகரின் சுராங்கனி கட்டாயம். மாமா சொல்லிக்கொண்டு போகும்போதே விரல்கள் கதிரைக் கையில் பைலாவின் ஆறு தட்டுத் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தன. அவருக்கே தெரியாது.

ஊரில் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தது, மார்க்கத் தெளிவு வந்தபிறகு அவர்கள் அதை விட்டுவிட்டார்கள் என்று. நானும் அப்படித்தான் கேள்விப்பட்டு வளர்ந்தேன். சிலர் அதை ஒரு நல்ல உதாரணமாகக்கூடச் சொல்வார்கள். அதனால் "எப்ப மாமா விட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஆரு விட்ட? நாங்க விடல்ல மகன். 85க்குப் பொறகு இரவையில ரோட்டால போக ஏலாமப் போச்சி. கிட்டார்க்காரன் இஞ்சால வர ஏலா, நாங்க அங்கால போக ஏலா. கல்யாணமெல்லாம் பகல்ல முடிக்கத் தொடங்கினாங்க. அப்படியே நிண்டிட்டு."

அதற்குப் பிறகு 1990. அதை எழுதிக் காட்ட வேண்டிய அவசியம் கிழக்கில் யாருக்கும் இல்லை. ஆக, அந்தச் செட் பறணுக்குப் போனதற்குக் காரணம் சோதனைச் சாவடியும் பயமும். மார்க்க விளக்கம் பிறகு வந்தது. பிறகு வந்ததை முதல் காரணமாக நாம் எழுதி வைத்துவிட்டோம். கிட்டார்க்காரர் இன்னும் இருக்கிறாரா என்று கேட்டேன். கனடாவில் இருப்பதாகக் கேள்வியாம்.

மார்க்க விசயத்துக்கு வருகிறேன், மாமி உட்படப் பலர் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் ஆலிம் இல்லை. இது பத்வாவும் இல்லை. ஆனால் கேட்காமலும் இருக்கவில்லை. எனக்கு ஓதித்தந்த மௌலவியிடம் போய் நேரடியாகக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "இசை கூடுமா கூடாதா என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடலாம். நீ என்ன சாமான் என்று சொல்" என்றார். போனில் போட்டோவைக் காட்டினேன்.

அலுமாரியிலிருந்து மின்ஹாஜை எடுத்தார். இமாம் நவவி அவர்களின் கிதாப். நம் ஷாபிஈ மத்ஹபில் எல்லோரும் சாய்ந்து நிற்கிற தூண். அதில் உள்ளதை அவர் எனக்கு விளங்கப்படுத்தியதைச் சுருக்கமாகத் தருகிறேன். தஃப் கல்யாணத்துக்கும் கத்னாவுக்கும் ஆகும். மற்றச் சந்தர்ப்பங்களுக்கும் ஆகும் என்பதே பலமான சொல். அதில் சலங்கை இருந்தாலும் சரி. மேளங்களில் கூடாது என்று பெயர் சொல்லித் தடுத்திருப்பது கூபாவை. நடு ஒடுங்கி நீண்டிருக்கும் மேளம். நம் பக்கத்து உடுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தம்பூர், ஊது, குழல் போன்றவையும் தடுக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. மதுச் சபைகளின் அடையாளம் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். அதே பட்டியலில் ஸன்ஜ் என்ற சொல்லும் இருக்கிறது. பித்தளைத் தட்டுகளை ஒன்றோடொன்று அடிப்பது என்று அதற்கு உரை எழுதியவர்கள் விளக்கம் சொல்கிறார்கள்.

மௌலவி விரலைப் போட்டோவில் வைத்தார். "இந்த நாலு மேளத்துக்கும் நான் வாய் திறக்க மாட்டேன். நடு ஒடுங்கல்ல. ஆனா இந்த ரெண்டு தட்டும் இரிக்கே, இதுதான் எனக்குக் கஷ்டம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் முதல் நாள்தான் அந்த இரண்டு சிம்பலையும் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஒன்று ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் வெடித்திருக்கிறது. மற்றது நடு ஓட்டையைச் சுற்றித் தேய்ந்து சாவி ஓட்டை மாதிரி ஆகியிருக்கிறது. தொடக்கநிலைச் செட்டோடு வரும் சிம்பல் வெண்கலமும் இல்லை, வெறும் பித்தளை. அடித்தால் சட்டிமூடி விழுந்த சத்தம். ட்ரம் கடைக்காரரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்: மரத்தை வாங்கு, சிம்பலை விடு. மின்ஹாஜும் ட்ரம் கடையும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

மௌலவி அதோடு விடவில்லை. இதில் இமாம்களுக்கு இடையில் கருத்து வேறுபாடு இருப்பதையும் மறைக்கவில்லை. புகாரியில் பெருநாள் தினத்தில் ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமிகள் தஃப் அடித்துப் பாடியதும் இருக்கிறது. இசைக் கருவிகளை ஆகுமாக்கிக்கொள்ளும் கூட்டத்தைப் பற்றிய எச்சரிக்கையும் அதே புகாரியில் இருக்கிறது. ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் கருவிகளை ஆகும் என்றார். நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அப்படிச் சொல்லவில்லை. "உனக்கு விருப்பமானதை மட்டும் பொறுக்காதே. ஒரு வழியில் நின்றுகொள்" என்றார். நான் ஷாபிஈ மத்ஹபில் நிற்கிறேன், ஆகவே சிம்பல் இல்லை. இதோடு உடன்படாதவர்கள் இருப்பீர்கள். உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கொமெண்டில் எனக்குப் பத்வா எழுதுவதை விட, அந்த மௌலவியிடம் போய்ப் பேசினால் இன்னும் நன்றாகப் பதில் கிடைக்கும்.

எழும்பி வரும்போது மௌலவி கேட்டார்: "பக்கத்து வீட்டில யாரு இரிக்காங்க?"

இதுதான் உண்மையில் என்னை நிறுத்திய கேள்வி.

நம் ஊர் உங்களுக்குத் தெரியும். என் படுக்கை அறையில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து யர்ஹமுகல்லாஹ் வரும். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். வலது பக்கத்தில் ஆறு மாதப் பிள்ளை. இடது பக்கத்தில் ஒரு உம்மா பாரிசவாதம் வந்து படுக்கையில். பின்பக்கத்தில் இந்த வருசம் சாதாரணதரம் எழுதும் பிள்ளை, நானே அவருக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். ட்ரம் செட் சாதாரணமாக அடித்தாலே 100 டெசிபெலைத் தாண்டும். நம் பக்கத்தில் இசையைப் பற்றிப் பேச்சு வந்தால் ஹலால், ஹராம் என்ற இரண்டு சொல்லிலேயே முடிந்துவிடுகிறது. அயலவரின் உரிமை என்ற மூன்றாவது ஒன்றை யாரும் கேட்பதில்லை. கல்யாண வீட்டு ஸ்பீக்கருக்கும் அது பொருந்தும், இரவு பதினொரு மணிக்கு நடக்கும் அரசியல் கூட்டத்துக்கும் பொருந்தும், வெளி ஒலிபெருக்கியில் நடுச்சாமம் வரை போகும் பயானுக்கும் பொருந்தும். கோவிக்காதீர்கள்.

வாப்பாவின் வயல் வாடியில் வைக்கலாமா என்று ஒரு யோசனை. சத்தத்துக்கு ஆள் இல்லை. யானை வெடிச் செலவும் மிச்சம் என்று தம்பி பகிடி பண்ணினான். ஆனால் ஈரமும் எலியும் ஒரு மாரியில் அந்த மரத்தை முடித்துவிடும். சுனாமியில் தப்பியதை எலிக்குக் கொடுக்க மனமில்லை.

ஆகவே வீட்டில்தான். மூன்று அயல் வீட்டுக்கும் நானே போய்க் கதைத்தேன். அஸருக்குப் பிறகு அரை மணித்தியாலம் மட்டும். நோன்பு மாதம் இல்லை. சாதாரணதரப் பரீட்சை முடியும் வரை தோலுக்கு மேல் ரப்பர் விரிப்பு, அதாவது கிட்டத்தட்டச் சத்தமே இல்லை. மௌத்து, வருத்தம் என்றால் சொல்லத் தேவையில்லை, நானே நிறுத்திவிடுவேன். படுக்கையில் இருக்கும் உம்மாவின் மகளிடம் சொன்னபோது, "உம்மாட கல்யாணத்துக்கு அந்த செட்தான் அடிச்சண்டு உம்மா செல்லுவா" என்றா. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தா. உம்மாவால் பேச ஏலாது. கையை அசைத்தாவாம். அதைச் சம்மதம் என்று மகள் சொல்கிறா.

இனி, ஏன் எனக்கு இது வேண்டும்? பாடசாலைப் பிள்ளைகளுக்காக என்று எழுதினால் எல்லோரும் லைக் போடுவீர்கள். ஆனால் எனக்காகத்தான். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்தபோது என் அறைத் தோழன் பொகவந்தலாவப் பக்கத் தோட்டத்துப் பொடியன். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் தப்பு அடிக்கிற குடும்பம். குளிரில் இரவு நித்திரை வராத நேரம் மேசையில் கையால் சொல்லித் தருவான். வலது கை எட்டு, இடது கை இரண்டிலும் நான்கிலும், கால் ஒன்றிலும் மூன்றிலும். மூன்றும் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மற்றதெல்லாம் நின்றுவிடும். அதை வேறு எதிலும் நான் காணவில்லை. பிறகு பயிற்சி, நியமனம், கஷ்டப் பிரதேசத்தில் ஐந்து வருசம், கல்யாணம், பிள்ளைகள், 2022. அந்த வருசம் மார்ச்சுக்கு முதல் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் 360 அளவுக்குப் போனது. பெற்றோல் வரிசையில் சைக்கிள் ஹாண்டிலில் தாளம் போட்டுக்கொண்டு நின்றவன் நான். சோற்றுக் கோப்பையில் அடிப்பதாக மனைவியின் முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருக்கிறது.

காசு விசயத்தையும் எழுதிவிடுகிறேன், ஆசிரியர் சம்பளத்தில் எப்படி என்று கேட்பவர்களுக்காக. விடைத்தாள் திருத்திய காசு இரண்டு வருசமாகச் சேர்ந்தது 68,000. புதுத் தொடக்கநிலைச் செட்டுக்குக் கொழும்புக் கடையில் சொன்ன விலை இரண்டரை இலட்சத்துக்கு மேல். அது நடக்காது. மாமாவின் செட்டுக்கு, சிம்பல் இல்லாமல், 60,000 என்று நான் சொன்னேன். 55 போதும் என்று அவர் சொன்னார். வாங்குகிறவன் கூட்டிக் கேட்க, விற்கிறவர் குறைத்துச் சொல்ல, அவருடைய மகள் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் கை வைத்தா. 60இல் நிறுத்தினோம். அதற்கு மேல் தோல் ஐந்து வேண்டும், 19,000 வரும். பேஸ் ட்ரம்மின் பிரிந்த அடுக்குகளுக்குப் பசை ஊற்றி, வளைத்துக் கிளாம்ப் போட்டு, விளிம்பைத் திரும்ப மட்டம் எடுக்க, வள்ளம் கட்டுகிற ஒரு மேசனிடம் கேட்டேன். "இது வள்ளத்த விட லேசு" என்றார். 4,000. ஆக 83,000.

அந்த 68,000 உண்மையில் சமையலறைக் கூரைக்கு என்று வைத்தது. சீற் வெடித்திருக்கிறது. போன மாரியில் அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு வாளி வைத்துத்தான் சமைத்தோம். இதை மனைவியிடம் கதைக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. அவ நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மாமாவைப் பற்றி மட்டும் கேட்டா: "ஒப்பரேசன் எப்பயாம்?" அடுத்த மாதம் என்றேன்.

"அப்ப காச இப்ப குடுங்க. என்ட சீட்டு ஒக்டோபர்ல விழும், மாரிக்கு முந்திக் கூரையப் போடலாம். ஆனா தோலுக்கு என்னட்டக் கேக்கப்படாது."

தோல் மெதுவாக வரும். ஒவ்வொன்றாக. இப்போதைக்கு ஸ்னேருக்கும் டொம்முக்கும் பழைய தோலே ஓடும்.

ஆகவே, இன்ஷா அல்லாஹ், வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு லேண்ட்மாஸ்டரில் எடுத்து வரப் போகிறேன். மூடிக்கொண்டு வரமாட்டேன். சிம்பல் இரண்டும் மாமாவிடமே. வெடித்ததை அவருடைய பேரன் ஏற்கனவே முற்றத்து மாமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான், பாடசாலை மணி மாதிரி. அதற்கு என்ன ஹுக்ம் என்று மௌலவியிடம் கேட்கவில்லை.

இப்போது உதவி. இரண்டு விசயம்.

ஒன்று, அறைச் சுவருக்குச் சாத்த பழைய ஸ்பொன்ஞ் மெத்தை, தும்பு மெத்தை, கிழிந்தாலும் பரவாயில்லை, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, 1979க்கும் 1985க்கும் இடையில் கல்யாணம் முடித்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள், தயவுசெய்து வீட்டு அல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளைக்குப் பின்னால், பந்தலின் மூலையில், சிவப்பு மினுக்கில் ஒரு பேஸ் ட்ரம்மும் அதன் முன்தோலில் எழுத்தும் தெரிந்தால் போனில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மாமாவிடம் அந்தக் காலத்து ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. ஒப்பரேசன் 14ஆம் திகதி. கட்டு அவிழ்க்க முதல் கிடைத்தால் நல்லம்.